சமையல்காரன் திருத்திய கைத்துப்பாக்கி

காலை பத்து மணிக்கு விசாரணை என்று கடிதத்தில் போட்டிருந்தால் பன்னிரண்டு மணி என்று எடுத்துக்கொள்ள வேண்டும். அது தெரிந்தும் நான் ஒன்பதரைக்கே போய்க் குந்தியிருப்பேன். இருபத்திரண்டு வருடப் பழக்கம், இனி மாறாது. அன்று மோர்டனில் ரயில் ஏறும்போதே இடுப்பு வலிக்கத் தொடங்கிவிட்டது.

"உந்த வேலையை விட்டுத் துலையுங்கோவன். ஊரார்ற கண்ணீரையெல்லாம் இங்கிலிசில சொல்லிப்போட்டு வாறியள், வீட்டில வாய் திறக்கிறேல்ல" என்று என் மனைவி றஜீனா அன்றைக்கும் வாசலில் நின்று சொன்னாள். அவள் சொன்னதில் பிழையில்லை. ஆனால் அறுபத்தொரு வயதில் வேறு எந்த வேலைக்கு என்னைக் கூப்பிடப்போகிறார்கள்?

என் பெயர் நிர்மலன். அகதி வழக்குகள் நடக்கும் தீர்ப்பாயத்தில் மொழிபெயர்ப்பாளன். தமிழில் சொல்வதை ஆங்கிலத்தில் சொல்ல வேண்டும், ஆங்கிலத்தில் கேட்பதைத் தமிழில் சொல்ல வேண்டும், பின்னேரம் வீட்டுக்குப் போக வேண்டும். கூட்டவும் கூடாது, குறைக்கவும் கூடாது. அவர்கள் "நான்" என்றால் நானும் "நான்" என்றே சொல்ல வேண்டும். அழுகிறவனுக்கு ஒரு கிளாஸ் தண்ணீர் எடுத்துக் கொடுப்பதென்றாலும் முதலில் நீதிபதியின் முகத்தைப் பார்க்க வேண்டும். ஆரம்பத்தில் இதெல்லாம் பெரிய உத்தியோகமாகத் தெரிந்தது. இப்போது நாற்காலி நல்லதா என்று மட்டும்தான் பார்க்கிறேன்.

அன்றைய ஆள் யாக்கோப்பு, மன்னார்க்காரன். வயது நாற்பத்தைந்து என்று கோப்பில் இருந்தது. பார்த்தால் எனக்கு மூத்தவன் போல இருந்தான். யாரோ இரவல் கொடுத்த வெள்ளைச் சட்டையைக் கழுத்துவரை பூட்டியிருந்தான், தோள் இரண்டும் இறங்கி நின்றன. எங்கேயோ பார்த்த முகம் மாதிரி இருந்தது. இந்த லண்டனில் எந்தத் தமிழனைத்தான் நான் எங்கேயோ பார்க்காமல் விட்டேன்? கடையில், பூசையில், செத்த வீட்டில் என்று எல்லா முகமும் பார்த்த முகம்தான்.

நீதிபதி கண்ணாடி போட்ட ஒரு பெண், மரியாதையான மனுசி. வழக்கமான கேள்விகளைக் கேட்டார். மொழிபெயர்ப்பாளர் பேசுவது விளங்குகிறதா? இவரை உங்களுக்கு முன்பின் தெரியுமா? யாக்கோப்பு என்னை ஒரு தடவை நிமிர்ந்து பார்த்தான்.

"தெரியாது" என்றான்.

எனக்கும் தெரியாது என்று நானும் சொன்னேன். எனக்கு உண்மையாகவே தெரியவில்லை.

வழக்கு இதுதான். பதின்மூன்று வருடத்துக்கு முன் அவன் இங்கே வந்து அகதி கேட்டபோது, இயக்கம் தன்னைப் பிடித்துக்கொண்டு போய்ச் சமையல் வேலை செய்வித்தது என்று சொல்லியிருக்கிறான். சமையல்காரனை ராணுவம் தேடாது, நீ பயப்படாமல் திரும்பிப் போகலாம் என்று மறுத்துவிட்டார்கள். அதன் பிறகு அவன் போகவும் இல்லை, இருக்கவும் இல்லை. கார் கழுவுகிற இடம், மீன் கடைக் குளிர் அறை, குட்மேய்ஸில் யாரோ ஒருவர் வீட்டு சோபா என்று காலம் போய்விட்டது. இப்போது முதுகிலுள்ள தழும்புகளைப் பார்த்து ஒரு வைத்தியர் அறிக்கை எழுதிக் கொடுத்திருந்தார். கூடவே ஒரு புது வாக்குமூலம். நான் சமையல்காரன் இல்லை, ஆயுதம் திருத்துகிற பட்டறையில் ஏழு மாதம் இருந்தவன், பிடிபட்டபோது ராணுவம் என்னிடம் அதைத்தான் கேட்டு அடித்தது என்று அதில் எழுதியிருந்தான். இதை நம்பினால் இங்கே இருக்கலாம். நம்பாவிட்டால் பிளேனில் ஏற்றுவார்கள். சமையல்காரனா, துவக்குத் திருத்தினவனா என்ற அந்த ஒரு கேள்விக்குத்தான் நாங்கள் எல்லாரும் அன்று வந்திருந்தோம்.

அரசுத் தரப்பு வக்கீல் சின்னப் பெடியன். தடிமன் பிடித்து மூக்கைத் துடைத்துக்கொண்டே இருந்தான். காலையிலிருந்து திகதிகளைக் கேட்டுக் குடைந்துகொண்டிருந்தவன், மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு ஒரு தாளை எடுத்தான். இணையத்திலிருந்து அச்சடித்தது என்று எனக்கு இருந்த இடத்திலேயே தெரிந்தது, ஓரத்தில் விளம்பரம்கூட விழுந்திருந்தது. அதைப் பார்த்துக் கேட்டான். உங்களிடம் ஒரு அரைத்தானியங்கிக் கைத்துப்பாக்கி வருகிறது. விசை சொரசொரப்பாக இருக்கிறது. இழுக்கும்போது ஒரேயடியாக விடுபடாமல் ஊர்ந்து ஊர்ந்து வருகிறது. அதை எப்படித் திருத்துவீர்கள்?

எனக்குத் துவக்கைப் பற்றி ஒரு மண்ணும் தெரியாது. "தம்பி, பிஸ்டல் ஒண்டு வருது. விசை சொரசொரப்பாக் கிடக்கு. இழுக்கேக்க அரக்கி அரக்கி வருதாம். என்ன செய்வீர்?" என்று எனக்கு வந்தபடி சொன்னேன்.

காலையிலிருந்து மேசையையே பார்த்துக்கொண்டிருந்தவன் தலையை நிமிர்த்தினான்.

"எவடத்தில அரக்குது எண்டு கேளுங்கோ அண்ணை. இழுக்கத் தொடங்கேக்கயோ, விடுபடக் கிட்டவோ?"

சாட்சி சொல்கிறவன் கேள்வி கேட்பது வழக்கமில்லை. ஆனாலும் நான் சொன்னேன். வக்கீல் தாளைப் பார்த்தான். தாளில் அதற்குப் பதில் இல்லைப் போலும். இரண்டு இடத்திலும்தான் என்று சொல்லிவிட்டு மூக்கைத் துடைத்தான்.

"அப்ப முதல்ல ஒண்டையும் தேய்க்கக் கூடாது" என்றான் யாக்கோப்பு. "குண்டு இல்லை எண்டு பாக்கோணும். மேகசினைக் கழட்டினா மட்டும் காணாது, குழலடி அறைக்குள்ள ஒரு குண்டு நிக்கும், அதையும் பாக்கோணும். பிறகு கழுவோணும். வாற வருத்தத்தில அரைவாசி ஊத்தையும் காய்ஞ்ச எண்ணெயும்தான். எங்களிட்ட மண்ணெண்ணெய் இருந்தது. கழுவினாப் பிறகும் அரக்கினா, சுருள் கம்பி வளைஞ்சு கிடக்கோ எண்டு பாக்கோணும். அதுவும் இல்லையெண்டாத்தான் கொழுக்கிக்குப் போகோணும்."

கொழுக்கி என்றால் என்ன என்று நீதிபதி கேட்டார். யாக்கோப்பு சுற்றிப் பார்த்துவிட்டு, ஒரு பேனை தரச் சொல்லிக் கேட்டான். எழுத்தர் மேலே அமத்துகிற பேனை ஒன்றைக் கொடுத்தார். அவன் அதைக் காதுக்குக் கிட்டப் பிடித்து மெதுவாக அமத்தினான்.

"இதுவும் அரக்குது" என்றான். "கேளுங்கோ. கிளிக் எண்டு ஒரு சத்தத்தில விழோணும். இது ரெண்டு மூண்டு தரம் அரைபட்டுத்தான் விழுது. பிஸ்டலுக்குள்ள சுத்தியல் எண்டு ஒண்டு இருக்கு. அதை விழ விடாமல் ஒரு சின்னக் கொழுக்கி பிடிச்சுக்கொண்டு நிக்கும். விசையை இழுத்தா கொழுக்கி விலகும், சுத்தியல் விழும், வெடிக்கும். ரெண்டும் தொடுற இடம் நகத்தின்ர நுனியளவும் வராது. அதில பிசிர் இருந்தா அரக்கும்."

நீதிபதி தன்னுடைய பேனையை எடுத்து இரண்டு தரம் அமத்திப் பார்த்தார். எனக்குச் சிரிப்பு வந்தது, அடக்கிக்கொண்டேன்.

"மையைப் பூசி எவடத்தில தொடுது எண்டு பாத்து, எண்ணெய்க் கல்லில ரெண்டு இழுவை. ரெண்டே ரெண்டுதான். பூட்டிப் பாக்கோணும். காணாட்டி இன்னும் ரெண்டு. ஆசைப்படக் கூடாது."

வக்கீல் அடுத்த கேள்விக்குப் போகப் பார்த்தான். நீதிபதிதான் கையைக் காட்டி நிறுத்தி, ஏன், ஆசைப்பட்டால் என்ன என்று கேட்டார். அவர் சும்மா கேட்டது மாதிரித்தான் இருந்தது.

யாக்கோப்பு பேனையை மேசையில் வைத்தான்.

"ஆசைப்பட்டா பிடிமானம் போயிடும். நான் ஆசைப்பட்டனான்" என்றான். "பொறுப்பாளர் ஒருத்தற்ற பிஸ்டல். ரெண்டு இழுவையில சரி வந்திட்டுது. இன்னும் கொஞ்சம் தேய்ச்சா நல்லா வரும் எண்டு நினைச்சுத் தேய்ச்சன். பட்டு மாதிரி வந்திட்டுது. அவர் இழுத்துப் பாத்திட்டு, கெட்டிக்காரன்ரா எண்டு முதுகில தட்டினவர். அப்பிடித் தேய்ச்சா, வெறும் துவக்கில சுத்தியலை ஏத்திவிட்டு மரக்கட்டையால நாலு தட்டுத் தட்டிப் பாக்கோணும், தானா விழுதோ எண்டு. நான் தட்டிப் பாக்கேல்ல. அண்டைக்கு நாப்பது சாமான் குவிஞ்சு கிடந்தது. ரெண்டு நாளா நித்திரை இல்லை."

அவன் விட்டு விட்டுச் சொன்னான், நான் விட்டு விட்டு ஆங்கிலத்தில் சொன்னேன். நான் தட்டிப் பார்க்கவில்லை. எனக்கு நித்திரை இல்லை.

"அடுத்த நாள் அவர் குண்டு போட்ட பிஸ்டலை மேசையில வைச்சிட்டுச் சாப்பிடப் போட்டார். றொசாந்தி எண்டு ஒரு பிள்ளை. எங்கட மன்னாரில பேசாலை ஊர்ப் பிள்ளை. திருத்தின சாமானை எடுத்துக்கொண்டு போறதுதான் அவவுக்கு வேலை. மேசையைத் துடைக்கிறதுக்கு அதைத் தூக்கிப் பக்கத்தில வைச்சவ. விசையில கை படேல்ல, நான் பாத்துக்கொண்டு நிண்டனான். வைச்ச அதிர்ச்சியில வெடிச்சுது. வயித்தில. பின்னேரம்வரை உயிரோட கிடந்தவ. அண்ணை, நீங்கள் திருத்தினதில்லைத்தானே, நீங்கள் திருத்தினா இப்பிடி வராதே எண்டு என்னைப் பாத்துக் கேட்டவ. ஓம் பிள்ளை, நான் திருத்தினதில்லை எண்டு சொன்னன். பத்தொன்பது வயசு. சண்டையில செத்தது எண்டு எழுதிப்போட்டினம்."

இதையும் நான் "நான்" என்றே சொன்னேன். நான் திருத்தவில்லை என்று அவளிடம் சொன்னேன், அவளுக்குப் பத்தொன்பது வயது என்று என் வாயால் சொன்னேன். இருபத்திரண்டு வருடத்தில் எத்தனையோ சொல்லியிருக்கிறேன், நாக்கு மரத்துப்போய்விட்டது என்றுதான் நினைத்திருந்தேன். அன்று பத்தொன்பது என்பதை இரண்டு தரம் சொல்லிவிட்டேன். நீதிபதி ஐந்து நிமிடம் இடைவேளை விட்டார். எழுத்தர் யாக்கோப்புக்குத் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார், எனக்கும் ஒரு கிளாஸ் வந்தது.

அந்த ஐந்து நிமிடத்தில் அறை மாறிவிட்டது. யாக்கோப்புக்காக வாதாட வந்த வக்கீல் அம்மா எழுதுவதை விட்டுவிட்டு அவனையே பார்த்துக்கொண்டிருந்தார். இப்படி ஒரு கதையை ஒருவரும் இணையத்தில் அச்சடிக்க முடியாது. வென்றுவிட்டான் என்றுதான் நான் நினைத்தேன்.

தடிமன்காரப் பெடியன் அவ்வளவு லேசில் விடுகிற ஆள் இல்லை. அப்படியானால் பதின்மூன்று வருடத்துக்கு முன் ஏன் சமையல்காரன் என்று பொய் சொன்னீர்கள் என்று கேட்டான். கேட்டுவிட்டு யாக்கோப்பின் வாக்குமூலத்தைப் புரட்டி ஒரு பந்தியை வாசித்தான். மோர்டனில் தமிழ்ப் பூசை முடிந்து மண்டபத்தில் தேத்தண்ணி குடிக்கும்போது ஒருவர் எனக்குச் சொன்னார். சமையல் என்று சொல், சமையல்காரனுக்கு ஒருத்தரும் பயப்பட மாட்டார்கள் என்று சொன்னார்.

இதை நான் தமிழில் சொல்ல வேண்டும். வாயைத் திறந்தேன். "சமையல் எண்டு சொல்லு. சமையல்காரனுக்கு ஒருத்தரும் பயப்பிடாயினம்." சொல்லிக்கொண்டிருக்கும்போதே எனக்கு வேர்த்துவிட்டது. அது என்னுடைய வசனம்.

கடவுளே, அதை நான் எத்தனை பேருக்குச் சொல்லியிருப்பேன்! அந்தக் காலத்தில் பூசை முடிந்தால் புதிதாக வந்த பெடியள் என்னைச் சுற்றி நிற்பார்கள். நீதிமன்றத்துக்குப் போகிற ஆள், எல்லாம் தெரிந்த ஆள் என்று ஒரு மதிப்பு. ஒரு கையில் தேத்தண்ணி, மற்றக் கையில் ரோல்ஸ். தடிமனுக்குக் கொத்தமல்லி அவித்துக் குடி என்று சொல்வது மாதிரி, சமையல் என்று சொல்லு தம்பி, சோலி இல்லை என்று சொல்லி அனுப்புவேன். மொழிபெயர்ப்பாளன் அப்படி வாய் திறக்கவே கூடாது. தெரிந்துதான் சொன்னேன். என் பேச்சைக் கேட்டவர்களை எண்ணினால் வன்னியில் சண்டை பிடித்தவர்களைவிடச் சமைத்தவர்கள்தான் அதிகம். சமையல்காரனுக்கு ஒருத்தரும் பயப்பட மாட்டார்கள் என்பது சரிதான். அதனாலேயே அவனைத் திரும்பிப் போகச் சொல்வார்கள் என்று என் மரமண்டைக்கு அப்போது விளங்கவில்லை.

யார் அந்த ஆள், பெயர் என்ன என்று வக்கீல் கேட்டான். கேட்டதைச் சொன்னேன். யாக்கோப்பு என்னைப் பார்த்தான். காலையில் பார்த்த அதே பார்வை. அவனுக்குக் காலையிலேயே தெரியும்.

"அப்பிடி ஒருத்தரும் இல்லை" என்றான். "எழுதேக்க பிழையா எழுதிப்போட்டினம். நானாத்தான் சொன்னனான்."

அவனுடைய வக்கீல் அம்மாவின் முகம் செத்துப்போனது. அவர் எழுதிக் கொடுத்த வாக்குமூலம், அவன் கையெழுத்து வைத்தது. அதையே அவன் இல்லை என்கிறான். ஒன்று பொய்யென்றால் மற்றதும் பொய்தானே என்று சொல்ல எதிர்ப்பக்கத்துக்கு வேறு என்ன வேண்டும்? பட்டறையும் பொய், பிஸ்டலும் பொய், றொசாந்தியும் பொய். நான் கூட்டாமல் குறைக்காமல் ஆங்கிலத்தில் சொன்னேன். அப்படி ஒருவரும் இல்லை, நானாகத்தான் சொன்னேன். வக்கீல் அதைக் குனிந்து எழுதினான், அடியில் கோடும் போட்டான்.

எனக்கு இரண்டு வழி இருந்தது. வாயை மூடிக்கொண்டிருந்தால் நாலரை மணி ரயிலைப் பிடித்து வீட்டுக்குப் போகலாம், அடுத்த கிழமையும் வேலை இருக்கும். இடுப்பு வலித்தது. வீட்டுக்குப் போய்ப் படுத்தால் போதும் என்றிருந்தது, வீரம் என்று என்னிடம் ஒன்றும் இருக்கவில்லை. ஆனால் அந்தப் பெடியன் போட்ட கோட்டைப் பார்க்க எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அவன் மேல் வந்த கோபமா, என் மேல் வந்த கோபமா என்று இன்றைக்கும் சொல்ல முடியாது. எழும்பி நின்றேன்.

மொழிபெயர்ப்பாளர் ஒரு விடயம் சொல்ல வேண்டும் என்று ஆங்கிலத்தில் சொன்னேன். மண்டபத்தில் அப்படிச் சொன்ன ஆள் இருக்கிறார், அது நான்தான், என்னைக் காப்பாற்றுவதற்காக இவர் இல்லை என்கிறார் என்றேன். யாக்கோப்புக்கு நான் சொன்னது விளங்கவில்லை, அதை அவனுக்குத் தமிழில் சொல்லவும் அங்கே வேறு ஆள் இல்லை. அதையும் நானே சொன்னேன். அவன் இரண்டு கையாலும் முகத்தைப் பொத்திக்கொண்டான்.

நீதிபதி கோபப்படவில்லை. அவருக்கும் களைப்பாகத்தான் இருந்திருக்கும். நான் மொழிபெயர்த்த விசாரணை இனிச் செல்லாது, வேறு நீதிபதி, வேறு மொழிபெயர்ப்பாளர், எல்லாம் முதலிலிருந்து தொடங்கும், ஏப்ரலில் திகதி வரும் என்றார். என்னைப் போகலாம் என்று சொல்லிவிட்டு, வெளிப்படையாகச் சொன்னதற்கு நன்றி என்றும் சொன்னார். இனி இந்த வேலைக்கு என்னைக் கூப்பிட மாட்டார்கள் என்று அவரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. வக்கீல் அம்மா கதவுக்கு வெளியே என்னைப் பிடித்து, இதை எழுதித் தந்து ஏப்ரலில் சாட்சி சொல்ல வருவீர்களா என்று கேட்டார். வருகிறேன் என்றேன்.

பஸ் தரிப்பில் யாக்கோப்பு குந்தியிருந்தான். தை மாதக் குளிர், இரவல் சட்டைக்கு மேல் மெல்லிய ஜாக்கெட் ஒன்று. பக்கத்தில் போய் இருந்தேன். நன்றி சொல்வான் என்று எதிர்பார்த்தேன். ஏன் பொய் சொல்ல வேண்டும், எதிர்பார்த்தேன்தான்.

"ஏன் அண்ணை வாயைத் துறந்தனீங்கள்?" என்றான்.

"நீர் ஏன் என்னைத் தெரியாது எண்டனீர்?"

"தெரியும் எண்டா இண்டைக்கு நடக்க விடாயினம் எல்லே. ரெண்டு வருசம் இந்தத் திகதிக்குக் காத்துக்கொண்டிருந்தனான். எப்பிடியும் இண்டையோட முடிஞ்சிடும் எண்டு பாத்தன்."

"பிறகு அப்பிடி ஒருத்தரும் இல்லை எண்டு சொன்னால் வழக்குத் தோக்குமே தம்பி!"

"அந்தச் சமையல் கதையைச் சொல்லேக்க உங்கட முகத்தைப் பாத்தனான். மனுசன் விழப்போறார் எண்டு நினைச்சன்." மூக்கை உறிஞ்சினான். "அந்த நேரம் மண்டபத்தில நீங்கள் சொல்லாட்டியும் நான் உண்மையைச் சொல்லியிருக்க மாட்டன் அண்ணை. பட்டறை எண்டா அவளையும் சொல்லோணும். சமையல் எண்டு நீங்கள் சொல்ல எனக்குப் பெரிய ஆறுதல்."

அவன் ஜாக்கெட்டை இழுத்துப் பூட்டினான்.

"பதினேழு வருசம். பாதருக்கும் சொல்லேல்ல, பாவசங்கீர்த்தனத்திலயும் சொல்லேல்ல. இண்டைக்கு அந்த மனுசி கேக்க எப்பிடியோ வந்திட்டுது. ஒருக்காச் சொன்னாச் சரி, முடிஞ்சுது எண்டு நினைச்சன். இப்ப ஏப்ரலில அந்தப் பிள்ளை இன்னொருக்காச் சாகோணும்."

அப்போதுதான் எனக்கு உறைத்தது. நான் உண்மை சொல்லி என் பாரத்தை இறக்கிவைத்த இடம் அவன் தலை. "குறை நினையாதையும் தம்பி" என்றேன். அவன் ஜாக்கெட் பையிலிருந்து பேனையை எடுத்தான். எழுத்தர் கொடுத்த அதே பேனை, திருப்பிக் கொடுக்க மறந்து கொண்டுவந்துவிட்டான். ஒரு தரம் அமத்திப் பார்த்துவிட்டுத் திரும்பப் பையில் வைத்தான்.

"ஏப்ரலில நீங்கள் உள்ளுக்கு இருப்பியள்தானே?" என்று கேட்டான். "நான் அதைச் சொல்லேக்க?"

"இல்லைத் தம்பி. சாட்சிக்காரன் கூப்பிடுமட்டும் வெளியில நிக்கோணும்."

அவன் தலையை ஆட்டினான். குட்மேய்ஸ் பக்கம் போகிற ரயிலுக்கு அவன் ஏற வேண்டிய பஸ் வந்தது.

"அப்ப தனியத்தான் சொல்லோணும்" என்று எழும்பிப் போனான்.